மாமா போட்ட நூறு நாற்காலி

என் அக்காவின் கணவர் கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவர். தெருவே அவரை ‘சேர்’ என்று கூப்பிடும். அது காதில் ‘சார்’ என்று விழுந்து, புதிதாக வருபவர்கள் ஏதோ பெரிய மனிதர் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். வண்டி ஓட்டுவது நான்.

தொழிலில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. முப்பது பேர் வருவார்கள் என்றால் இருபது நாற்காலிதான் போடுவார். பத்துப் பேர் நிற்பார்கள். பார்ப்பவர்களுக்குக் கூட்டம் நிரம்பி வழிவது போலத் தோன்றும். அப்புறம்தான் மிச்சத்தை வண்டியிலிருந்து இறக்குவார். தெருச் சங்கத்துக்காரர்கள் இதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவும் போட்டதோடு நிற்காமல் மைக்கைப் பிடித்துத் தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று ஒன்று விடாமல் கேட்பார்.

வருடம் போகப்போக வருகிறவர்களுக்கு அந்த இருபதே அதிகமாகிவிட்டது. வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் அதிகாரிகள் நம்மிடம் கருத்துக் கேட்பார்கள். பகல் முழுக்க நின்று வேலை பார்த்தவனை, சாயங்காலம் உட்கார்ந்து ஏமாறு என்றால் வருவானா?

இந்த நிலையில்தான் எங்கள் ரயில் கேட்டை நிரந்தரமாக மூடப்போவதாகப் பேச்சு வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அதன் சலவைக்கூடத்தில் அக்காதான் மேற்பார்வை. போர்வையைத் தொட்டே ஈரம் காய்ந்ததா என்று சொல்லிவிடுவாள்; அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். கேட் மூடினால் நடைமேம்பாலப் படி ஏறித்தான் போகவேண்டும். அக்காவுக்கு முழங்கால் போய் ரொம்ப நாளாகிறது. படி என்றால் வேலை போச்சு, அவ்வளவுதான்.

அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மாமா வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் கண்டிப்பாக வருகிறோம் என்றார்கள். அன்று மைதானத்தில் அவர் வண்டியிலிருந்த நூறு நாற்காலியையும் இறக்கச் சொன்னபோது நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“வேணாம் மாமா. எப்பவும் போல கம்மியா போடுவோம்.”

“இது நம்ம கூட்டம் மச்சான். நம்மகிட்டயே வித்தை காட்டணுமா?”

எங்கள் மூவரையும் சேர்த்து எட்டுப் பேர். அக்கா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பேசினார். அந்த வெற்று நாற்காலிகளுக்கு நடுவே அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. அதிகாரி தங்கமான மனிதர், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் மேடையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மக்களுக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குறைவாகப் போட்டிருந்தாலும் கேட்டை மூடித்தான் இருப்பார்கள். மாமாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் நம்புவதாக இல்லை.

கூட்டத்துக்கு மறுநாள் மாமா பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்த அம்மா தைக்கும் துணியெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

“அதான் நீங்க இருக்கீங்களே. எங்களுக்கும் சேர்த்துப் பேசிடுவீங்கன்னு விட்டுட்டேன்” என்றார் அந்த அம்மா. பாராட்டாகத்தான் சொன்னார்.

கேட் மூடியது. அக்கா கொஞ்ச நாள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறிப் பார்த்தாள். பிறகு வேலையை விட்டாள். இப்போது வீட்டில் காய்ந்த துணியையே எடுத்து மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

போன வாரம் சங்கச் செயலாளர் வந்தார். பூங்காவைப் பாதியாக்கிக் கடை கட்டப்போகிறார்களாம். நாற்காலியும் வேண்டும், மாமாவும் வந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார்.

அக்கா உள்ளிருந்து, “போயிட்டு வாங்களேன்” என்றாள்.

மாமா வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, செயலாளரைப் பார்த்துச் சிரித்தார்.

“அதான் நீங்க இருக்கீங்களே.”

குத்திக்காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனசார, மரியாதையோடுதான் சொன்னார்.