எட்டாம் வகுப்பு பிராஜெக்ட்டுக்கு ஒரு குழந்தைத் தொழிலாளி

டிஷ்வாஷரிலிருந்து பாத்திரம் எடுத்து அடுக்கச் சொன்னால் போதும், என் மகளுக்கு முகம் சுருங்கிவிடும். உடனே நான் ஆரம்பிப்பேன்: "உன் வயசு ஆகறதுக்கு முன்னாடியே நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவ, தெரியுமா?" அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோ ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த வசனம் ஓடுகிறது. சென்னைக்காரரான என் கணவர், தானும் தினமும் பால் பாக்கெட் வாங்கப் போனதைச் சொல்லி நடுவில் நுழையப் பார்ப்பார். அதெல்லாம் சேர்த்தி இல்லை என்று வாயை அடைத்துவிடுவேன்.

போன வசந்தத்தில் மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில், நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க மில்கள். கப்பலில் வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றில் வேலை செய்தார்களாம். குடும்பத்தில் சின்ன வயதில் வேலைக்குப் போன ஒருவரைப் பேட்டி எடுத்து போஸ்டர் செய்ய வேண்டும். நூற்பு இயந்திரத்தின் முன் வெறுங்காலோடு நிற்கும் ஒரு சிறுமியின் படத்தைக் காட்டி, "மாம், இது மாதிரிதானே நீ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாட்டில் அதுவரை விசாவுக்கும் வேலைக்கும் தவிர யாரும் என்னைப் பேட்டி எடுத்ததில்லை.

பத்து வயதில் முழுப்பரீட்சை லீவில் அக்காவும் நானும் போனோம், பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது வேலை, அந்த ஹாலிலேயே நான்தான் வேகம் என்று அள்ளிவிட்டேன். மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, கூட இருந்த ஒருவரிடம் சரிபார்க்க வேண்டும், அது டீச்சர் போட்ட விதி என்றாள்.

சனிக்கிழமை காலை அக்காவை வீடியோவில் அழைத்தோம். அங்கே சாயங்காலம். அப்போதுதான் கம்பெனியிலிருந்து திரும்பியிருந்தாள். மகளின் கேள்விகளை நான் தமிழில் சொல்ல வேண்டும். பதிலை மாற்றிச் சொல்லலாமென்றால் முடியாது, பேசத்தான் வராதே தவிர மகளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

"உங்கம்மாளா? வேகமா?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "மத்தியானம் ஆனா பண்டல் மேல சாஞ்சு தூங்கிருவா, சாமி. அவ பங்கையும் நாந்தான் வெட்டுவேன்."

அடுத்த அறையிலிருந்து என் கணவரின் சிரிப்பு கேட்டது. பால் பாக்கெட்டுக்குப் பழிவாங்கிய சிரிப்பு.

மகள் விடவில்லை. லீவு முடிந்ததும் ஏன் அம்மா மட்டும் பள்ளிக்குத் திரும்பினாள் என்று கேட்டாள். இதற்கு நானே பதில் சொல்லியிருப்பேன். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் அது, ஒருத்தர் வேலையில் நின்றாக வேண்டும். கணக்கில் நான் புலி, அதனால் என்னைப் படிக்க அனுப்பினார்கள். நாற்பது வயதுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"பஞ்சுத் தூசி உங்கம்மாளுக்கு ஆகாது கண்ணு. ஓயாம தும்முவா. எனக்கு ஒண்ணும் பண்ணாது. அதான் நான் நின்னுக்கிட்டேன்."

"கணக்குக்காக இல்லியாக்கா?" என்றேன்.

"கணக்குல நானுந்தான் நூத்துக்கு நூறு. உனக்கு ஞாபகமில்லியா அம்மிணி?"

குறை சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மகள் ஆங்கிலத்தில் அடுத்த கேள்வி கேட்டாள்: எப்போது வேலையை விட்டீர்கள்? அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அவளே தட்டுத்தடுமாறிக் கேட்டாள். "பெரியம்மா, வேலை... எப்போ ஸ்டாப்?"

"எங்க சாமி ஸ்டாப்பு? திங்கக்கிழமை காலையில ஷிப்ட் இருக்கு."

போஸ்டரில் இப்போது அக்காவின் படம்தான் பெரிது. என்னைப் பற்றி ஓரத்தில் ஒரே வரி, ஆங்கிலத்தில்: 'என் அம்மா தும்மியதால் பள்ளிக்குப் போனார், பிறகு அமெரிக்கா வந்தார்.' எதையும் திருத்தாமல் விடமாட்டேன் நான். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.