இரும்பு அறைக்குள் இன்னொரு ஜோடிக் கை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் சார் நான். விமானப்படையில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன். பைலட்டுகளை ஓர் இரும்பு அறைக்குள் உட்கார வைத்து, காற்றைக் குறைத்து, உயரத்தில் மூளை எப்படி மழுங்கும் என்று காட்டுவதுதான் என் வேலை. இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மாஸ்க் போட்டவரோடு உள்ளங்கை சேர்த்துத் தட்ட வேண்டும். தட்டு தவறினால் எதிரில் இருப்பவர் உடனே அவருக்கு மாஸ்க்கை மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் விட்டால், அந்த ஆள் குஷியாகச் சிரித்துக்கொண்டே நீலமாகிப் போய்விடுவான்.

ஓய்வு பெற்று வட்டக்கானலுக்கு வந்த பிறகு, பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். இரும்பை வெட்டி எடுக்கிற வேலை என் தங்கை செல்வியின் கணவன் பாண்டிக்கு. புதருக்குள் ஒரு பெரிய இரும்பு உருளை கிடந்தது, வட்டக் கண்ணாடி வைத்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பைலட்டுகளை உட்கார வைத்த அதே மாதிரி அறை.

பங்களா வாட்ச்மேன் சூசை சொன்னார்: "யுத்த காலத்துல ஒரு வெள்ளக்கார டாக்டரு கொண்டாந்ததுங்க. பைலட்டுங்க சாகக் கூடாதுல்ல, அதுக்காக அடுக்கம் ஊருச் சுமைகூலி ஆளுகள உள்ள போட்டுப் பாப்பாராம். எம்புட்டு நேரம் தாங்குறாங்கன்னு. ஒரு கூலிக்காரன் கை தட்டிக்கிட்டே உள்ளயே செத்துப்போனானாம்."



பாண்டி கதவை வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கமும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட பிறகுதான் உள்ளே போனான். இந்தப் பக்கம் நுழைந்த காற்று அந்தப் பக்கம் வெளியே போகிறது, இதை மனதில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், சம்மணம் போட்டு உட்கார்ந்து எதிரே வெறும் காற்றில் கை தட்டிக்கொண்டிருக்கிறான். கூட வேலை செய்தவர்கள் போதை என்று நினைத்து செல்போனில் படம் பிடித்தார்கள், பாவிகள்.

"மாப்ள, என்னலே பண்ற? நல்லா இருக்கியா?"

"சூப்பரா இருக்கேன் மச்சான்!"

நகமும் உதடும் நாவல்பழ நிறம்.

"தள்ளுங்கடா, சாகக் கெடக்கான்!" என்று கத்தி உள்ளே பாய்ந்து, அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். நம்பினால் நம்புங்கள், அவன் கை என் பிடியில் இருக்கிறது, உள்ளே கைத்தட்டல் நிற்கவில்லை. அதே தாளம்.

மூளைக்குக் காற்று போகவில்லை, எப்படி என்று தெரியவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். செல்விதான் ஊட்டிவிடுகிறாள், துடைத்துவிடுகிறாள். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. கூட இருந்த பயல்கள் அந்த வீடியோவை இன்னும் ஊரெல்லாம் காட்டிச் சிரிக்கிறார்கள்.

சாயங்காலமானால் பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைத் தூக்குவான். ஒருநாள் செல்வி எதிரே உட்கார்ந்து தட்டிப் பார்த்திருக்கிறாள். "அண்ணே, பயந்து கைய எடுத்துட்டேன்ணே. எடுத்த பொறவும் சத்தம் வருதுண்ணே" என்று அழுதாள்.

நானும் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எதிரில் இருப்பவர்தான் மாஸ்க்கை மாட்டிவிட வேண்டும், சார். அந்தக் கூலிக்காரனுக்கு அன்றைக்கு எவனும் மாட்டிவிடவில்லை. போன வாரத்திலிருந்து பாண்டிக்குத் தட்டு தவற ஆரம்பித்திருக்கிறது. எதிரில் இருப்பது தட்டுவதை நிறுத்தவில்லை.