வலைக்கும் ஒரு பங்கு

காலை 4.40க்குக் கண்டியிலிருந்து லொறி புறப்பட்டது. பின்னால் ஐம்பத்துநான்கு உலர் உணவுப் பொதிகள். ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, தகரத்தில் அடைத்த ரின் மீன் இரண்டு. என் கையில் கிராம சேவகர் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியல். புயலும் வெள்ளமும் அடித்த திருகோணமலைக் கரையில், சல்லிக் கிராமத்துக்கு இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்தும் படமும் எடுத்துவர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொன்னால் சனிக்கிழமை இரண்டாவது லொறி போகும். அதில் குழந்தைகளுக்குப் பால்மா.

"தம்பி, கரையில எறக்கின ஒடனே சாமான் கடைக்குப் போயிரும். கண்ணத் தொறந்து வச்சிரு" என்று எங்கள் நிவாரணக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லாவிட்டாலும் திறந்துதான் வைத்திருப்பேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள். எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து, எழுதாமல் நடப்பது எதையும் நான் லேசில் நம்புவதில்லை.

சாரதி கிண்ணியாக்காரர், நசீர் நானா. ஹபரணையில் சக்கரத்துக்குக் காற்றடிக்க நிறுத்தினார். இறங்கிப் பொதிகளை எண்ணினேன். கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தினார். வெறுந்தேநீர் அறுபது ரூபாய். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் எண்ணினேன்.

"எத்தின தரம் எண்ணுவீங்க தம்பி? எண்ணி எண்ணியே சாமான் தேயப் போகுது" என்றார்.

"பொறுப்பு என்கிட்ட இருக்குதானே நானா."

"ஓம் ஓம். மீன் புடிக்கிற சனத்துக்கு மீன் ரின் கொண்டு போறம். பொறுப்பான வேலதான்."

நான் சிரிக்கவில்லை. அங்கிருந்து திருகோணமலை நாற்பது கிலோமீற்றர். நகரத்துக்குள் மான்கள் வீதியைக் கடக்கும்வரை லொறி நின்றது. பிறகு நிலாவெளி வீதியில் வடக்கே திரும்பி, சாம்பல்தீவைத் தொட்டு, 10.50க்குச் சல்லியில் இறங்கினோம்.

படகுகள் வேலிகளின் மேல் கிடந்தன. கருவாடு காயப்போடும் பரண்கள் விறகாகிவிட்டன. மண்ணுக்குள்ளிருந்து பாதி சைக்கிள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகே சனம் வரிசையாக நின்றது. முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தோளில் துவாயோடு. பூமணி அக்கா. கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரி, இந்தக் கரையின் சொல்லில் சம்மாட்டி.

"தம்பி படம் எடுக்க வந்தனீங்களோ, சாமான் தர வந்தனீங்களோ?"

"ரெண்டுக்கும்தாங்க அக்கா."

"அப்ப முதல்ல படத்தை எடுங்கோ. பிறகு எங்கட முகத்தில சிரிப்பு வந்திடும், உங்களுக்கு உதவாது."

வரிசை சிரித்தது. பெயர்களை வாசித்தேன். ஐம்பத்துநான்கு பேரும் வந்தார்கள், கையெழுத்திட்டார்கள். தள்ளுமுள்ளு இல்லை, ஒருவரும் பொதியைப் பிரித்துப் பார்க்கவுமில்லை. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை. பொதி வாங்கியவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஒருவர் பின் ஒருவராகக் கரையிலிருந்த பூமணி அக்காவின் மீன்வாடிக் கொட்டகைக்குள் போனார்கள். வெளியே வந்தபோது எல்லோர் கையும் வெறுங்கை.

வேலியோரம் கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் ரமணி.

"சனிக்கிழமை பால்மா வருமெண்டு கதைக்கினம். உண்மையோ அண்ணா?"

"உங்க பேரு பட்டியல்ல இருக்குதா?"

"இல்லை."

"இல்லாட்டி என்னால ஒண்ணும் செய்ய ஏலாதுங்க" என்றேன். அவள் வாடிப் பக்கம் நடந்தாள்.

நான் ஒரு தென்னைக்குப் பின்னால் போய்க் கண்டியிலிருந்த ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். "சாமான் முழுக்க ஒரு சம்மாட்டி கைக்குப் போகுதுங்க. சனிக்கிழமை லொறிய நிப்பாட்டுங்க" என்றேன். சொன்னபோது, கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

11.45. வாடிக்குள் நுழைந்தேன். நடுவே தறப்பாள் விரித்து, பொதிகளைக் கத்தியால் கீறி, அரிசியை ஒரே குவியலாகக் கொட்டியிருந்தார்கள். மீன் நிறுக்கும் தராசில் இரண்டு பேர் ஏழரைக் கிலோ, ஏழரைக் கிலோவாக நிறுத்துக் கூறு வைத்துக்கொண்டிருந்தார்கள். பருப்பும் சீனியும் பேணிக் கணக்கில். ரின் மீன் கூறுக்கு ஒன்று.

"இது யாருக்கு அக்கா?"

"வலைக்கு வாற வீடுகளுக்கு."

"பட்டியல்ல இருக்கிறது ஐம்பத்துநாலு வீடு."

"கயிறு இழுக்கிறது எழுபத்தொரு வீடு. மிச்சம் பதினேழும் வாடகைக்கு இருக்குதுகள். பதிவு பாலையூற்றில, கிண்ணியாவில. இந்தா ரமணி. இவளின்ர வீடு விழுந்து போச்சு. இஞ்சத்த கிராம சேவகர் சொல்லுறார், பதிவு பாலையூற்றில எண்டு. அங்கத்த சேவகர் சொல்லுறார், நீ இருக்கிறது சல்லியில எண்டு. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல. அவளுக்குத்தான் சோறில்லை. கயிற்றில கை வைச்ச வீட்டுக்குப் பங்கு, மீனெண்டாலும் அரிசியெண்டாலும்."

அப்போதும் நான் கூறுகளை எண்ணினேன். எழுபத்திரண்டு இருந்தன.

"ஒண்ணு கூட இருக்கே?"

"அது வலைக்கு. மீன் பிரிக்கேக்கையும் வலைக்கெண்டு ஒரு பங்கு இருக்கு."

"வலையத்தான் கடல் கொண்டு போயிருச்சே அக்கா?"

"ஓம். அதுதான் இந்தமுறை முதல்ல வலைக்கு எடுத்தனாங்கள்."

நல்ல பதில்தான். ஆனால் வலைக்குக் கொடுப்பது வலைக்காரிக்குக் கொடுப்பதுதானே என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கூறு எங்கே போகிறது பார்ப்போம் என்று கண்ணை எடுக்காமல் நின்றேன்.

அது பின்பக்கம் அடுப்புக்குப் போனது. பெரிய பானையில் சோறானது. கூறு வைத்து மிஞ்சிய ரின்களில் கறி. வாடிக்கு வெளியே நிழலில் இருபது பேர் வரை, மண்ணில் தோண்டியெடுத்த வலைத் துண்டுகளை முடிந்துகொண்டிருந்தார்கள். வலை முடிகிற கைகளுக்கு, வேலை முடியும்வரை, வலையின் பங்கிலிருந்துதான் சாப்பாடு. எனக்கும் நசீர் நானாவுக்கும் தட்டில் போட்டுத் தந்தார்கள்.

"சல்லிக் கரையில ரின் மீன் கறி! கடல் பார்த்துச் சிரிக்கப் போகுது" என்றார் வலை முடிந்துகொண்டிருந்த ஒருவர்.

நசீர் நானா என் பக்கம் சாய்ந்தார். "வலைட பங்கத் திண்டு திண்டே வலையச் சந்தேகப்படுறீங்களே தம்பி. இதையும் எண்ணிப் பாருங்க, எத்தின பருக்கையெண்டு."

தட்டைக் கீழே வைத்தேன். எழுந்து போய் மறுபடி கண்டிக்கு அழைத்தேன்.

"அந்த லொறியா? நீ சொன்ன கையோட வேற ஊருக்கு எழுதியாச்சு தம்பி. அங்கயும் வெள்ளந்தான், அங்கயும் புள்ளைங்கதான். குடுக்கிறேன்னு சொல்லிட்டுத் திருப்ப முடியாது. அடுத்த மாசம் பார்ப்போம்."

திரும்பி வந்து, சனிக்கிழமைப் பால்மா வராது என்று பூமணி அக்காவிடம் சொன்னேன். ரமணியும் பக்கத்தில் நின்றாள். யாரோ தடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் தடுத்தேன் என்று சொன்னேன்.

பூமணி அக்கா தோளிலிருந்த துவாயை எடுத்து உதறினார். "என்னை ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போனை எடுத்திருக்கலாமே தம்பி. வாடிக்குக் கதவுகூட இல்லையே."

ரமணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தன் பங்கைச் சாக்கோடு தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

பிற்பகல் 2.30க்குப் புறப்பட்டோம். கந்தளாயில் நானா தேநீருக்கு நிறுத்தினார். எண்ணுவதற்கு லொறியின் பின்னால் ஒன்றும் இல்லை. பட்டியலைத் திருப்பி, வாடியில் கேட்டு எழுதிக்கொண்ட பதினேழு பெயர்களையும் பின்பக்கத்தில் தெளிவாக எழுதினேன். ரமணியின் பெயர் முதலில். அதை எங்கள் குழு ஏற்குமா என்று தெரியாது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் மண் சரிந்தது. நிவாரணம் வந்தது. அப்பா வேறு தோட்டத்தில் பதிவானவர் என்பதால் எங்கள் பெயர் இல்லை. பொதி வாங்கியவர்கள் எங்கள் வாசலைத் தலை குனிந்து கடந்து போனார்கள். யாரோ எங்களுடையதைத் திருடிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று ஒருவரும் திருடவில்லை. பட்டியல் சரியாக இருந்தது. ஒவ்வொரு பொதியும் பெயருக்கு உரியவர் வீட்டுக்கே போனது. எங்கள் வீட்டில்தான் அடுப்பு எரியவில்லை.