உப்பு பாக்குற ஆம்ப்ரோஸ்

ஆள்காட்டி விரலத் தொட்டித் தண்ணியில வுட்டு, எடுத்து, நாக்கு நுனியில வச்சிக்கினு ஆம்ப்ரோஸ் கண்ண மூடிக்குவாரு. மூடுனா மூடுனதுதான். நான் வண்டியிலருந்து நாலு பீப்பா கடல்தண்ணிய எறக்கி, மாட்ட அவுத்து, வைக்கோலு போட்டு, ஒரு பீடி குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே நிப்பாரு. ஆளு கீறாரா போய்ட்டாரான்னு மூக்குகிட்ட கை வச்சிப் பாப்பேன். அப்பதான் வாயத் தொறப்பாரு. "இன்னும் ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்து, நைனா."

அடையாத்துக் கரையில ஒரு பழைய பங்களா. அதுக்குப் பின்னால ஓட்டுக் கொட்டாய். காலேஜ்காரங்க அங்க பன்னெண்டு சிமிட்டித் தொட்டி கட்டி, தொட்டிக்கு ஒண்ணா நண்டு வச்சிக்கினு கீறாங்க. திங்கறதுக்கு இல்ல. பத்ரிநாராயணன்னு ஒரு வாத்தியாரு, மயிலாப்பூரு ஐயரு, வெங்காயத்தக்கூட தொட மாட்டாரு. அவரு மூணு வருசமா நண்டப் பத்தியே எழுதிக்கினு கீறாரு, பெரிய பட்டத்துக்கு. அவருக்கு நண்டு புடிச்சாந்து, தொட்டி கழுவி, தண்ணி மாத்தி வுடுற ஆளுதான் ஆம்ப்ரோஸ்.

சாந்தோம் குப்பத்துக்காரரு. கட்டுமரம் ஏறுன ஒடம்பு. வயசு அம்பது. பாத்தா எழுவது தெரியும், தொட்டி கழுவி முடிச்ச அப்பறம் பாத்தா தொண்ணூறு. நடக்கறப்போ தன்னையே மூட்டையா கட்டி யாரோ தலையில ஏத்தி வுட்ட மாதிரி நடப்பாரு. கிணத்தடியிலருந்து கொட்டாய்க்கு இருவது அடி. அதுக்குள்ள ரெண்டு தடவ நின்னு வானத்தப் பாப்பாரு. மழ வருதான்னு பாக்குறாருன்னு நெனைப்பீங்க. மூச்சு வாங்கறத மறைக்கிறாரு.

அந்த நாக்கு கீதே, அதுக்கு ஒரு கோயிலு கட்டலாம். ஒரு சொட்டு வச்சா போதும். ஊரூரு குப்பத்துத் தண்ணியா, சாந்தோம் தண்ணியா, ஆத்து வாய்க்கிட்ட மொண்ட தண்ணியான்னு சொல்லுவாரு. மொண்டவன் அன்னிக்குக் குளிச்சானா இல்லியான்னும் சொல்லுவாரு. ஒரு தடவ என்னியப் பாத்தே சொல்லிட்டாரு, அதிலருந்து நான் கடலுக்குக் குளிச்சிட்டுதான் போறது.

நாக்குல எதுக்கு உப்பு பாக்கணும்? மொதல்ல கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருந்துச்சாம். தண்ணியில மெதக்க வுட்டா உப்பு இம்மாந்தான்னு காட்டுமாம். ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலி பண்ண வருசம் அதையும் மூட்ட கட்டி ரயில்ல அனுப்புனாங்க. திரும்பி வந்தப்போ சாக்குல கண்ணாடிப் பொடிதான் கீது. வேற ஒண்ணு சீமையிலருந்து வரணும். சண்ட நடக்குது, கப்பல்ல சிப்பாய்க்கே எடமில்ல. சரி, ஒரு கொடம் கடல்தண்ணி, ஒரு கொடம் நல்ல தண்ணின்னு அளந்து ஊத்தலாமேன்னா, ஐப்பசி மழையில ஆத்துத் தண்ணி கடல்ல கலந்து, கரையோரத்துல இன்னிக்கு ஒரு உப்பு, நாளைக்கு ஒரு உப்பு. அளந்து இன்னா பண்றது? அதனால சீமைக் குழாய் வேலைய ஆம்ப்ரோஸ் நாக்கு பாத்துக்கினு இருந்துச்சு.

நண்டு சமாச்சாரத்த ஐயரு ஒரு நாளு எனக்கும் சொன்னாரு. எங்கிட்ட சொன்னா மாட்டுக்கிட்டயும் சொன்ன மாதிரி, ஆனாலும் சொன்னாரு.

"இந்த நண்டோட செவுள்ல கண்ணுக்குத் தெரியாத அறை அறையா இருக்குப்பா. ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு தோல். வெளியில தண்ணி உப்பில்லாம ஆயிடுத்துன்னா, ரத்தத்துல இருக்கற உப்பு கசிஞ்சு ஓடப் பாக்கும். நண்டு விடாது. தண்ணியில இருக்கற கொஞ்ச நஞ்ச உப்பையும் அந்தத் தோல் வழியா உள்ள இழுத்துப் போட்டுண்டே இருக்கும். ராத்திரி பகல் கெடையாது. அதுக்குத்தான் மூச்சும் ஜாஸ்தியா விடறது."

"பாத்தா சும்மா குந்திக்கினு கீறாப்ல கீதே, சாமி?"

"சும்மா உக்காந்துண்டிருக்கற மாதிரிதான் தெரியும். உள்ள வேலை நடந்துண்டிருக்கு."

ஆம்ப்ரோஸ் தொட்டிய தேச்சிக்கினே சொன்னாரு: "நல்லா கேட்டுக்க, நைனா. நான் குந்தினா மட்டும் சோம்பேறின்னு சொல்றியே."

அந்தத் தண்ணிய ஒரேடியா மாத்தக் கூடாது. இன்னிக்கு முக்கா உப்பு, ரெண்டு நாளு கழிச்சி அர, அப்பறம் கால். படி எறங்குற மாதிரி எறக்கணும். தள்ளி வுட்டா நண்டு இழுத்துப் பாத்து, முடியாம, கால பரப்பிக்கினு மல்லாந்துக்கும்.

இந்த வருசம் ஆவணியில ஆம்ப்ரோஸுக்குக் காலு வீங்கிச்சு. விரலால அமுக்குனா குழி வுழும், அந்தக் குழியில ஒரு படி எண்ணெ ஊத்தலாம். ஆசுபத்திரி டாக்டரு பாத்துட்டு, உன் ஒடம்புல உப்பு வெளிய போவல, அது தண்ணியப் புடிச்சி வச்சிக்கினு கீது, இனிமே சோத்துல உப்பு போட்டா நேரா கல்லறதான்னுட்டாரு. "நண்டுக்கு உப்பு ஓடிப் போவுது, ஒனக்குப் போவ மாட்டேங்குது. ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில போட்டா சரியாப் பூடும்"னு நான் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு வாய்க்கு வரதுக்குள்ளயே களைச்சிப் போச்சி.

அன்னிலருந்து அவரு சம்சாரம் ஜெசிந்தா உப்பில்லாத கஞ்சிதான் கொண்டாந்து குடுக்கும். மீன்கூடை தூக்குற பொம்பள. அது வாயத் தொறந்தா மந்தவெளி முழுக்க ஜன்னலு தொறக்கும். "யோவ், மூஞ்ச சுளிக்காத, குடி"ன்னு கூடையோட வந்து நின்னு குடிக்க வச்சிட்டுதான் போவும். ஆம்ப்ரோஸ் சொல்லுவாரு, "கஞ்சியாடி இது? செவுத்துக்கு அடிக்கிறத கலக்கிக் குடுத்த மாதிரி கீது." ரெண்டு மாசம் அப்படியே ஓடுச்சு. வீக்கம் கொஞ்சம் வத்துச்சு.

கார்த்திக வந்துச்சு. ஐயரு கடசி பன்னெண்டு நண்டையும் தொட்டியில வுட்டாரு. கிறிஸ்மஸுக்குள்ள எழுதி அனுப்பணும். இதுவும் போச்சுன்னா கொட்டாய மூடிடறதுன்னு மேல சொல்லிட்டாங்க. மூடுனா ஆம்ப்ரோஸும் வூட்டுக்குத்தான்.

நாலாம் நாளு ரெண்டு நண்டு மல்லாந்துச்சு. அஞ்சாம் நாளு இன்னும் மூணு. ஐயரு தொட்டி தொட்டியா ஓடுறாரு. "என்ன ஆம்ப்ரோஸ், அரை உப்புதானே? நன்னா பாத்தியா?"

"பாத்தேன் சார். சரியாத்தான் கீது."

ஐயரு போன அப்பறம் நானும் ஒரு விரல வுட்டு நக்கிப் பாத்தேன்.

"இன்னாப்பா இது, சப்புனு கீது?"

"சப்புனா? நல்லா கரிக்குது."

"எங்க கரிக்குது? எங்க வூட்டு ரசம்கூட இத வுட கரிக்கும்."

"பொகையில போடுற வாய்க்கு இன்னா தெரியும்? போ, போயி மாட்டப் பாரு."

போயிட்டேன். வண்டிகிட்டருந்து திரும்பிப் பாத்தா, மனுசன் தொட்டி தொட்டியா விரல வச்சி, நாக்குல வச்சி, பன்னெண்டையும் முடிச்சிட்டு, மொதல் தொட்டியிலருந்து மறுபடி ஆரம்பிக்கிறாரு.

மறுநாளு காலையில ஜெசிந்தாவும் கூட வந்துச்சு. ஐயரு வந்ததும் ஆம்ப்ரோஸ் தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு.

"சார், நண்டு மேல தப்பில்ல. என் நாக்கு கெட்டுப் போச்சி."

ஐயருக்குப் புரியல. ஜெசிந்தாதான் ஒடச்சிச் சொல்லுச்சு. "நேத்து ராவு என் கொயம்புல ஒரு சொட்டு கேட்டு வாங்கி நாக்குல வச்சாரு, சாமி. உப்பளத்தையே கொட்டிட்டியான்னு துப்புறாரு. பக்கத்து வூட்டுல குடுத்தா, உப்பே பத்தலேன்றாங்க. ரெண்டு மாசமா உப்பு காணாத வாயி. துளி பட்டாலும் கடலாத் தெரியுது அதுக்கு."

அர உப்புன்னு அவரு சொன்னது கால்கூட இல்ல. படியில எறக்குறதா நெனச்சி, மாடியிலருந்து தள்ளி வுட்டாரு.

ஐயரு திட்டுவாருன்னு பாத்தேன். அவரும்தான் மூணு வருசமா தூங்கல, கண்ணுக்குக் கீழ பை தொங்குது. மெதுவா கேட்டாரு: "உப்பு போட்டுண்டு சாப்ட்டா, நாக்கு எத்தனை நாள்ல பழையபடி ஆகும்?" கேட்டுட்டு அவரே தரையப் பாத்துக்கினாரு.

"நாலே நாளு, சார்." கேள்வி முடியறதுக்கு முன்னாலயே பதிலு வந்துருச்சு.

"வரும். நாக்கு வரும்"னு ஜெசிந்தா கூடைய டங்குனு கீழ வச்சிச்சு. "ஆளு போயிடும். அப்பறம் அந்த நாக்க நீங்க புட்டியில போட்டு வச்சிக்கினு உப்பு பாருங்க, சாமி."

"நான் அப்படிச் சொல்லலம்மா..."

"சொல்லல. கேட்டீங்க." மூக்க உறிஞ்சிக்கினு கேட்டுச்சு: "உப்புதானே பாக்கணும்? பொறந்ததிலருந்து கடல்ல கால வச்சிக்கினு கீறேன். எனக்கு நாக்கு இல்லியா?"

ஐயரு யோசிச்சாரு. உள்ள போயி மூணு டம்ளரு கலந்து எடுத்தாந்தாரு. ஜெசிந்தா மூணையும் நக்குச்சு. "இது சுத்தக் கடலு. இது பாதி. இது பாதியில பாதி." கடசி டம்ளர மோந்து பாத்துட்டு, "இதுல கலந்தது நேத்து மொண்ட கிணத்துத் தண்ணி, கொடம் கழுவல"ன்னுச்சு. ஐயருக்கு மூஞ்சி செவந்து போச்சி. எனக்கு அங்கியே கை தட்டணும்போல இருந்துச்சு, ஆனா ஆம்ப்ரோஸப் பாத்துட்டு தட்டல.

"சரியாயிருக்கு"ன்னாரு ஐயரு. "மிச்சம் ஏழு இருக்கு. காத்தால ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போம்மா. ஆம்ப்ரோஸ், நீ தண்ணிய மட்டும் ஊத்து. கஞ்சியில உப்பு வேண்டாம். நான் சொல்றேன், வேண்டாம்."

"ஆவட்டும், சார்."

ஜெசிந்தா தொட்டி தொட்டியா விரல வச்சிக்கினு போச்சி. "இதுல கடல்தண்ணி ஊத்துய்யா. இன்னும். இன்னும் ஒரு சொம்பு." அவரு ஊத்துனாரு. ஏழு தொட்டியும் முடிஞ்சிது. அது திரும்பி வந்து கூடைய தூக்கக் குனிஞ்சிச்சு.

ஆம்ப்ரோஸ் வேட்டி மடிப்பக் கொடஞ்சி, சின்ன காயிதப் பொட்டலம் ஒண்ண வெளிய எடுத்தாரு. பிரிச்சாரு. கல்லு உப்பு, ஒரு கை அளவு. எப்ப வாங்குனாரோ தெரியல. அத அப்படியே கூடையில கீற மீனு மேல கொட்டுனாரு. விக்கப் போற மீனு, கெடுக்கறியேன்னு ஜெசிந்தா கத்தல. ஒரு கல்லு மட்டும் அவரு விரல்ல ஒட்டிக்கினு இருந்துச்சு. அதையும் வேட்டியில தொடச்சிட்டு, கூடைய ரெண்டு கையாலயும் தூக்கி அது தலையில வச்சாரு.