சித்தப்பா கேட்ட சோடா

என் கல்யாணப் பேச்சை எடுத்தால் அப்பா சொல்லும் ஒரே பதில் "யோசிப்பம்." கோப்பாயில் வெங்காயம் வைக்கிற மனிதர். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் மாறுவது என்பதை நடந்துகொண்டே முடிவெடுப்பவர். என் விஷயத்தில் மட்டும் வருடக்கணக்காக யோசித்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். என் ஆள் பருத்தித்துறைக்காரர். அவருடைய அப்பா கடலுக்குப் போனவர். கோப்பாய்க்குப் பக்கத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் சாதி வேறு. அப்பா அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார். "அவை வேறை ஆக்கள்" என்பார், ஏதோ அவர்கள் செவ்வாய்க் கிரகத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்போல.

கடைசியில் என் தொல்லை தாங்காமல், "தம்பி வரட்டும். அவன் ஓம் எண்டால் எனக்கும் ஓம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தம்பி, என் சித்தப்பா, அமெரிக்காவில் முப்பது வருடமாக இருப்பவர். எங்கள் குடும்பத்தில் சமத்துவத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவரும் அவர்தான். அங்கே ஒரு கறுப்பினத்தவரைப் பொலிஸ் கொன்றபோது ஊர்வலத்தில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அப்பா அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உந்த வெயிலுக்கை தொப்பி போடாமல் ஏன் நிக்கிறான்?" என்றார்.

நல்லூர்த் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்தார். வந்து கால் கழுவ முன்னரே அமெரிக்காவைக் கிழிக்கத் தொடங்கினார். தன் சொந்த வீட்டு வேலியை வெட்டிக்கொண்டு நின்றாராம். காரை நிறுத்திய ஒரு வெள்ளைக்காரி, தன் வீட்டு வேலியும் வெட்ட எவ்வளவு கேட்பாய் என்றாளாம்.

"அண்ணை, எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை."

"எவ்வளவு தருவாளாம்?" என்று கேட்டார் அப்பா.

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் கதை.

"வாசலிலை 'எல்லாரும் சமம்' எண்டு பலகை நட்டிருக்கிறா. பொல்லாத மனுசியெண்டு சொல்லேலாது. பிள்ளையளின்ரை பிறந்தநாளுக்கு வருவா. ஆனால் தன்ரை தண்ணிப் போத்தலோடைதான் வருவா. இத்தினை வருசத்திலை என்ரை வீட்டிலை ஒரு வாய் கோப்பி குடிச்சதில்லை. கேட்டால் வயித்துக்கு ஒத்துக்கொள்ளாதாம்." இந்த இடத்தில் சித்தப்பாவின் குரல் தடுமாறியது. "சட்டத்திலை எல்லாம் கிடக்கு அண்ணை. வோட்டுப் போடலாம், விரும்பின இடத்திலை வீடு வாங்கலாம். ஆனால் இன்னொருத்தன்ரை கோப்பையிலை வாய் வை எண்டு சட்டம் போடேலாது."

அப்பா கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். அழுதுகொண்டே கூறைச் சேலைக்கு என்ன நிறம் என்பதையும் தீர்மானித்துவிட்டேன்.

"நீ யோசியாதை பிள்ளை. அவையின்ரை வீட்டை ஒருக்காப் போவம். நான் கதைக்கிறன்" என்றார் சித்தப்பா.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் பருத்தித்துறைக்குப் போனோம்.

இங்கே எங்கள் ஊர் நாகரிகம் ஒன்றைச் சொல்லவேண்டும். கை நனைக்கக்கூடாது என்று நினைக்கும் வீட்டுக்குப் போனால் நாங்கள் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். அது மரியாதை இல்லை. சோடா கேட்போம். கடையில் மூடி அடித்த போத்தல், அந்த வீட்டுக் கோப்பையும் படாது, கையும் படாது. கேட்பவருக்கும் காரணம் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வெக்கையைப் பற்றிக் கதைப்பார்கள். சித்தப்பா தமிழ் மாதங்களையே மறந்துபோனவர். இதையும் மறந்திருப்பார் என்றுதான் நான் நம்பினேன்.

என் ஆளின் அம்மா தட்டத்தில் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா அப்போது வேலி வெட்டிய கதையை அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தார். எல்லோரும் அவருக்காக வருந்திக்கொண்டிருந்தார்கள்.

"எடுங்கோ" என்றார் அந்த அம்மா.

சித்தப்பா கோப்பையைப் பார்த்தார். "எனக்குச் சீனி வருத்தம் பாருங்கோ. தேத்தண்ணியை விட்டிட்டன். சோடா ஒண்டு இருந்தால் போதும்."

நீரிழிவு நோயாளி சீனி கரைத்த சோடா கேட்கிறார். சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. என் ஆள் நிலத்தைப் பார்த்தார். அவருடைய அம்மா முகம் மாறாமல், "ஓம், கிடக்கு" என்று உள்ளே போய், மூடி திறக்காத போத்தலையும் திறப்பானையும் கொண்டுவந்து முறைப்படி வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திறப்பானால் சித்தப்பாவை என்னவாவது செய்திருப்பேன். தம்பி காட்டிய வழியில் அப்பாவும் போவார், என் கதை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்பா போத்தலைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கும் உன்ரை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கும் ஒரே வருத்தம் போலை" என்றார்.

அப்போதுதான் திறந்து வாய் வைத்த சோடா சித்தப்பாவுக்கு மூக்கில் ஏறியது. அவர் இருமி முடிப்பதற்குள் அப்பா கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார். வடையையும் கடித்தார். அதோடு விட்டாரா?

"சாயம் காணாது" என்றார், அந்த அம்மாவைப் பார்த்து.

விருந்தாளி தேத்தண்ணிக்குக் குறை சொல்லமாட்டான். சம்பந்திதான் சொல்லுவான். அது அந்த அம்மாவுக்கு உடனே விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று அடுப்படிக்குப் போனார். உதவி செய்கிறேன் என்ற சாட்டில் நானும் பின்னால் போனேன்.

அவர் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னொரு சோடா குளிர்ந்துகொண்டிருந்தது.

"அப்பாவும் கேப்பார் எண்டு நினைச்சு ரெண்டு வாங்கினனான் பிள்ளை" என்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, கேத்திலை மறுபடி அடுப்பில் வைத்து, தேயிலையை இன்னொரு கரண்டி கூட்டிப் போட்டார்.