மார்லிஸுக்காக நான் சொன்ன பதில்

மார்லிஸ் பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கனடாவின் சஸ்காச்சுவான் குளிரில், கண்ணை மறைக்கும் பனிக்காற்றில், ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல் வீடு சேர்த்தவள். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றபோது ஊரில் யாரும் திடுக்கிடவில்லை. நரம்பை அரிக்கும் அந்த நோய் எங்களுக்குப் பழகிய பெயர்தான். "கால் ஒத்துழைக்கலை" என்று ஒரு திங்கட்கிழமை பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கால்தான் என்று நாங்களும் நம்பினோம்.

எங்கள் ஊரில் நோயாளியை நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர் டாக்டர் அறைக்குள்ளும் போய் உட்காருவார். வாசலில் இறக்கிவிட்டு நிற்பது மரியாதையில்லை. மார்லிஸுக்கு நான். ஆறு வருஷம், வருஷத்துக்கு இரண்டு தடவை, போகவே இருநூறு கிலோமீட்டர். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள நோட்டு வேறு வைத்திருந்தேன்.

டாக்டர் தவறாமல் கேட்பார்: "சிறுநீர் கழிக்கிறதுல, அந்தப் பக்கம் ஏதாவது சிரமம் இருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர். கால்தான் படுத்துது." நோட்டிலும் எழுதுவேன், ஒன்றுமில்லை என்று.

வழியில் காபி வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டாள். "ஏண்டி, சாமியாராப் போறியா?" என்பேன். சிரிப்பாள். குளிர்கிறது என்று என் வண்டி இருக்கையில் தடித்த துண்டை மடித்துப் போட்டு உட்காருவாள். ஜூலையிலும் குளிர்கிறது என்பாள். அதையும் நம்பினேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

வாய் மட்டும் நீளம். கர்லிங் அரங்கின் காபி மேசையில் என்னை விட்டால் ஆளில்லை. பனியில் கல்லைத் தள்ளும் ஆட்டத்தின் நடுவே கிழவர் டெல்பர்ட் கழிப்பறைக்கு ஓடுவதை, காலை இடுக்கிக்கொண்டு நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மார்லிஸும்தான்.

போன மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. காலையில் எழுந்தால் இரண்டு காலும் நிற்கவில்லை என்று அவள் புருஷன் ராப் போன் செய்தார். நோய் முற்றிவிட்டது என்று அதே மேசையில் அழுதுகொண்டே சொன்னேன். நகரத்து ஆஸ்பத்திரி நர்ஸோ, முற்றவில்லை, சிறுநீரில் கிருமி, அந்தக் காய்ச்சல்தான் காலை மடக்கிவிட்டது என்றாள். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று மார்லிஸைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள்.

"எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது. என்னடி மார்லிஸ்?"

மார்லிஸ் போர்வையைப் பார்த்தாள். "வெளியில இரு, கோரின்."

நாற்பது நிமிஷம் நடைவழியில் நோட்டும் கையுமாக நின்றேன். நான்கு நாளில் கால் திரும்பியது, வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியில், சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கால் இல்லைடி. பிள்ளைங்க பின்னாடி இருக்கும்போது பஸ்ல அப்படியே ஒண்ணுக்குப் போயிட்டேன். ஃபிளாஸ்க் காபியை மடியில கொட்டி, கை தவறிடுச்சுன்னு சொன்னேன். மறுவாரம் சாவியைக் கொடுத்தேன். வெளியில கிளம்பணும்னா முந்தின நாளே தண்ணியை நிறுத்திடுவேன். ராபும் நானும் ஒரே படுக்கையில படுத்து மூணு வருஷம் ஆச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"டெல்பர்ட் மாதிரி நடிச்சுக் காட்டுவியே. அடுத்தது நானோன்னு பயம்."

காது மடல் வரை எரிந்தது. அப்படிச் செய்வேனா என்று கேட்கப் போனேன். செய்திருப்பேன். அவள் இருக்கும்போது இல்லாவிட்டாலும், இல்லாதபோது செய்திருப்பேன். டாக்டர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் வாயை அடைத்தது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கெல்லாம் மருந்து உண்டாம். இடுப்படித் தசைகளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

"எத்தனை மணிக்கு வரட்டும்? சத்தியமா உள்ள வரமாட்டேன். வண்டியிலயே இருக்கேன்."

"வேண்டாம் கோரின். டெல்பர்ட் கூட்டிட்டுப் போறார்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "அவர் வழியில எல்லா பெட்ரோல் பங்க்லயும் நிறுத்துவார்."