செவலைக்காளையின் வக்கீல்

அவசரமென்றால் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் மோகனசுந்தரம் வக்கீலிடம் யாரும் போக மாட்டார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் பையில் போடுகிற மனிதர். கட்சிக்காரரை உட்காரவைத்துப் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டுவார். கேட்டவர் தலையாட்டினாலும் நம்பாமல் இன்னொரு தரம் படிப்பார். அதன் பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார்.

வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையுமாக ஓடிக்கொண்டிருந்த அவர் பிழைப்பில் சினிமா புகுந்தது தற்செயல். நல்லேப்பிள்ளிப் பக்கம் வந்த படக்குழு ஒன்று யாருடைய நாற்றையோ மிதித்துவிட்டு அவரிடம் ஓடிவந்தது. பேசி முடித்துவைத்தார். அன்றிலிருந்து அவர் சினிமா வக்கீல் ஆகிவிட்டார். கடைசியாகப் படம் பார்த்தது எப்போது என்று மட்டும் அவரைக் கேட்கக்கூடாது.

அப்படித்தான் சித்ரா வந்து சேர்ந்தாள். மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள். இயக்குநராக இது அவளுக்கு முதல் படம். கதை எழுதியவன் கூடப் படித்தவன், பாட்டுப் போட்டவன் அவனுக்கும் கூட்டாளி. "சிநேகிதம் வேற, உரிமை வேறம்மா. படம் ஓடுனா சிநேகிதம் மறந்துரும்" என்று எல்லோரிடமும் எழுதி வாங்க வைத்தார். வயல்காரரிடமும் வாங்கியாயிற்று. பாக்கி கதாநாயகன்தான். அது குப்பண்ணனின் செவலைக்காளை.

அதற்கும் ஒப்பந்தம் எழுதினார். நிலப்பத்திரம் எழுதிய கை சும்மா இருக்குமா? கிழக்கே வளைந்த கொம்பு, மேற்கே முனை மழுங்கிய கொம்பு, வடக்கே வெள்ளை வால், தெற்கே ஈர மூக்கு என்று நான்கு எல்லையும் போட்டுவிட்டார். காளை திரும்பி நின்றால் எல்லை மாறிவிடுமே என்று யாரும் கேட்கவில்லை.

பாதிப் படம் முடிந்தது. மீதிக்கு மலைமேல் காந்தலூருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் தொழுவம் காலியாக இருந்தது.

"ஏனுங்ண்ணா, காளை எங்கீங்க?" என்றார் மோகனசுந்தரம்.

"வேலந்தாவளம் சந்தையில வித்துப்போட்டனுங்க" என்றார் குப்பண்ணன். "கேமராவக் கண்டாத்தானுங்க நடக்குது. வண்டியில பூட்டுனா மொறைச்சுப் பாக்குது."

"நாம எழுதுன கடுதாசி?"

"அதையுமுங்க வியாபாரி கையிலயே குடுத்துட்டேன். பூமியக் குடுத்துட்டுப் பத்தரத்த நாம வெச்சுக்கிட்டா நாயமுங்களா?"

காளையை விற்கக்கூடாது என்று எழுத மறந்தது வக்கீல்தான். நான்கு எல்லை எழுதியவருக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை. சித்ரா கோபப்படவில்லை, அதுதான் அவரை அதிகம் சுட்டது. "மழைக்கு முந்தி முடிக்கலைன்னா படத்த நிப்பாட்டிருவேன்னு புரொடியூசர் சொல்லிட்டாரு சார்" என்று மட்டும் சொன்னாள்.

மறு சந்தையில் கூட்டத்தின் நடுவே காளையை வாங்கிய வியாபாரி அந்த ஒப்பந்தத்தை ஆட்டி ஆட்டி, "சினிமாக் காளைங்க, வக்கீலே கையெழுத்துப் போட்டிருக்காருங்க" என்று கூவிக்கொண்டிருந்தான். அவனோடு புது ஒப்பந்தம் பேசி முடிப்பதற்குள் காளை எந்த ஊர் போய்ச் சேருமோ? மோகனசுந்தரம் காளையைத் தானே வாங்கிவிட்டார். வீட்டில் என்ன சொல்வது என்பதைப் பாதி வழியில்தான் யோசித்தார்.

வாங்கிய பிறகு அடுத்த தலைவலி. காளைக்காரரும் அவரே, படத்தின் வக்கீலும் அவரே. ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர், சித்ராவை எதிர்வரிசை வக்கீல் சோனாவிடம் அனுப்பினார். "சார், நீங்க இப்ப எதிர்க்கட்சிங்க" என்று சிரித்துக்கொண்டே சோனா ஒப்பந்தத்தை நீட்டினாள். படம் வெளியாகும்வரை காளையை விற்கக்கூடாது, படப்பிடிப்புக்கு உடமஸ்தரான காளைக்காரர் கூடவே வர வேண்டும். வரிவிடாமல் இரண்டு தரம் படித்துக் கையெழுத்திட்டார்.

காந்தலூரில் கடைசிக் காட்சி. கேரட் தோட்டத்தைத் தாண்டி மேட்டில் காளை நடக்க வேண்டும். கேமராவைக் கண்டும் இந்தத் தடவை அது நடக்கவில்லை. யார் இழுத்தும் அசையாத செவலை, மோகனசுந்தரம் முன்னால் நடந்தால் மட்டும் பின்னாலேயே போனது. மலைக்கு அந்தப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களே நடந்துருங்க சார்" என்று சித்ரா ஒரு லுங்கியையும் நடிகர்களிடம் வாங்கும் சம்மதப் பத்திரத்தையும் நீட்டினாள். மூன்று பக்கம். அவர் படிக்கிற வேகத்துக்குப் படித்தால் வெயில் போய்விடும், வெயிலோடு படமும் போய்விடும். அவள் மேட்டைப் பார்த்தாள். மோகனசுந்தரம் பேனாவைத் திறந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார். செவலை பின்னால் நடந்தது.

காட்சி முடிந்ததும் மழை கொட்டியது. டீக்கடைக்குள் ஒதுங்கினார்கள். "இப்பவாச்சும் படிங்க சார்" என்றாள் சித்ரா.

வழக்கம்போல உரக்கப் படித்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இவர் பிறகு படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால், இந்தக் காட்சியைப் படத்தில் வைக்க மாட்டோம்.'

"இத எழுதச் சொன்னது எந்த வக்கீலும்மா?"

"யாரும் இல்ல சார். உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காதுன்னு தெரியும். அதான் நானா எழுதிட்டேன்."

"படத்தையே தூக்கி இன்னொருத்தன் கையில குடுக்கறதாம்மா இது?" என்று அதட்டினார். அவர் சந்தோஷமாக இருந்தார், அதை மறைக்கவும் தெரியவில்லை. அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். பிறகு முறைப்படி பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.